செத்த காலேஜுக்கு உயிர் வரும் நாள்

சென்னையில் முன்பு இரண்டு "காலேஜ்"கள் இருந்தன.

ஒன்று, "உயிர் காலேஜ்". மற்றொன்று, "செத்த காலேஜ்".

இரண்டிலும் வாத்தியார் கிடையாது. பரீட்சை கிடையாது. பட்டமும் கிடையாது. ஆனாலும், வெளியூரில் இருந்து பட்டணம் பார்க்க வந்தவர்கள் இந்த இரண்டையும் பார்க்காமல் ரெயில் ஏற மாட்டார்கள்!

சிங்கமும் புலியும் இருந்த மிருகக்காட்சி சாலைதான் உயிர் காலேஜ்.

எழும்பூரில் இருக்கும் மியூசியம்தான் செத்த காலேஜ். பாடம் செய்த பறவை, பாட்டிலில் மிதக்கும் பாம்பு, எலும்புக்கூடு, கல், சிலை... எல்லாம் உயிர் இல்லாதவை அல்லவா? அதனால் மக்கள் அப்படிப் பெயர் வைத்து விட்டார்கள்.

"செத்த" என்பது புரிகிறது. "காலேஜ்" எங்கே இருந்து வந்தது?

புலிக்குட்டி செய்த வேலை

இந்த மியூசியம் பிறந்தது 1851-ம் ஆண்டு. அப்போது அது எழும்பூரில் இல்லை. நுங்கம்பாக்கத்தில் ஒரு காலேஜ் இருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் நம் நாட்டு மொழிகளைப் படிப்பதற்காக ஏற்பட்ட காலேஜ் அது. அந்தக் கட்டிடத்தின் மாடியில்தான் மியூசியத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தெருவுக்கு இன்றும் காலேஜ் ரோடு என்றுதான் பெயர்.

சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த சுமார் 1,100 கற்கள்தான் மியூசியத்தின் முதல் சொத்து. கல் என்றால் வைரம், வைடூரியம் அல்ல. பூமிக்குள் என்னென்ன வகைப் பாறைகள் இருக்கின்றன என்று காட்டும் கற்கள்.

மியூசியத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்பர். அவர் ஒரு டாக்டர். 1854-ம் ஆண்டு முடியும் நேரத்தில் மியூசியம் எழும்பூரில் "பாந்தியன்" என்ற கட்டிடத்துக்குக் குடி போனது. இடம் மாறியது. ஆனால் "காலேஜ்" என்ற பெயர் மட்டும் மக்கள் வாயிலேயே நின்று விட்டது.

பால்பர் ஒரு வேலை செய்தார். ஒரு புலிக்குட்டியையும் ஒரு சிறுத்தையையும் உயிரோடு கொண்டு வந்து மியூசியத்தில் வைத்தார்.

அவ்வளவுதான்! கூட்டம் கூடி விட்டது.

கல்லைப் பார்க்க வராதவர்கள் புலிக்குட்டியைப் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள், "வந்ததுதான் வந்தோம்" என்று கல்லையும் ஒரு பார்வை பார்த்து விட்டுப் போனார்கள்.

பால்பர் இதைப் பார்த்தார். ஆர்க்காட்டு நவாபிடம் பேசி, அவரிடம் இருந்த மிருகங்களையும் வாங்கினார். 1855-ல் மியூசியத்தோடு சேர்ந்தே மிருகக்காட்சி சாலை வந்தது. ஒரே ஆண்டில் மிருகம், பறவை எல்லாம் சேர்ந்து 300-க்கு மேல் ஆகி விட்டன!

1863-ல் அவற்றை சென்டிரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குக் கொண்டு போனார்கள். 1985-ல் மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தது.

எழும்பூரில், செத்த காலேஜ் மட்டும் மிச்சம்.

"இதுவும் கல்லுதான்டா!"

புலிக்குட்டி இல்லாத மியூசியத்தை ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள்?

லீவு நாளில் வரும் ஒரு குடும்பத்தைக் கவனியுங்கள். அப்பா முன்னால் நடக்கிறார். அம்மா கைக்குழந்தையோடு பின்னால் வருகிறார். பையன் கண்ணாடிப் பெட்டியில் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறான்.

"அப்பா, இது என்னப்பா?"

"கல்லுடா."

"இது?"

"இதுவும் கல்லுதான்டா. வா, வா. இன்னும் எவ்வளவோ இருக்கு."

ஒன்றரை மணி நேரத்தில் எல்லாக் கட்டிடங்களையும் ஏறி இறங்கி விடுகிறார்கள். வெளியே வந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். பையனைக் கேட்டால், திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒன்றுதான் ஞாபகத்தில் இருக்கிறது.

அப்பா மேல் குற்றம் இல்லை. அவருக்கு யாராவது சொல்லி இருந்தால்தானே, அவர் பையனுக்குச் சொல்ல முடியும்? பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டி இருக்கிறது. "கைக்கோடரி. பழைய கற்காலம்." இதைப் படித்து யாருக்கு என்ன விளங்கும்?

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் "மியூசியம் தினம்".

உலகத்தில் உள்ள மியூசியங்களுக்கு ஒரு சர்வதேச சபை இருக்கிறது. 1977-ல் அது மாஸ்கோ நகரில் கூடியது. ஆண்டுதோறும் ஒரு நாளை மியூசியங்களுக்காகக் கொண்டாடுவது என்று முடிவு செய்தது. மே 18-ந் தேதி அந்த நாள்.

நம் ஊரில் அது அக்கினி நட்சத்திர வெயில் கொளுத்தும் சமயம். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. அந்த நாளை ஒட்டி நம் மியூசியங்களில் ஓவியப் போட்டி, பேச்சு, கைவேலைப் பயிற்சி என்று நடத்துவது வழக்கம். பெரிய பெரிய விளம்பரம் எதுவும் இருக்காது. தெரிந்தவர்கள் வருகிறார்கள். தெரியாதவர்கள், பாவம், கடற்கரைக்குப் போகிறார்கள்.

கைக்கு அடங்கிய 15 லட்சம் ஆண்டு

அந்தப் பையன் பார்த்த கல்லுக்கே வருவோம்.

1863-ம் ஆண்டு மே 30-ந் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்ற பூகர்ப்ப ஆராய்ச்சியாளர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். வேறு யாராவது என்றால் காலால் எட்டித் தள்ளி இருப்பார்கள். அவர் குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அது தானாக உடைந்த கல் அல்ல, மனிதன் கையால் செதுக்கிய ஆயுதம் என்று கண்டுகொண்டார். இந்தியாவிலும் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அந்தக் கல்தான் சாட்சி.

அதே ஆண்டு திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகள் கிடைத்தன. அங்கே கிடைக்கும் கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று, 2011-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. பூட் சேர்த்து வைத்திருந்த கருவிகளை 1904-ல் சென்னை மியூசியம் விலை கொடுத்து வாங்கியது.

மியூசியம் தினத்தில், இந்த மாதிரிக் கருவியைப் போலவே செய்த ஒரு நகலைப் பையன் கையில் கொடுத்துப் பாருங்கள்!

கனமான பக்கம் உள்ளங்கையில் போய்ப் பொருந்துகிறது. கூரான பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை. கை தானாகவே வெட்டுவதற்கு ஓங்குகிறது! இறைச்சியை அறுக்கவும், கிழங்கு தோண்டவும், மரத்தைப் பிளக்கவும் இது ஒன்றுதான் அந்தக் காலத்துக் கத்தி, கடப்பாரை, கோடரி.

இனிமேல் அவன் "கல்" என்று சொல்ல மாட்டான்.

காகிதத்தில் இறங்கிய எழுத்து

இன்னொரு மேஜையில் கல்வெட்டைப் படி எடுப்பது எப்படி என்று காட்டுவார்கள். குழந்தைகள் மொய்க்கும் இடம் இது.

முதலில் கல்லில் உள்ள அழுக்கை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு, கெட்டியான ஒரு தனிக் காகிதத்தைத் தண்ணீரில் நனைத்துக் கல்லின் மேல் பரப்புகிறார்கள். பிரஷால் அதைத் தட்டு, தட்டு என்று தட்டுகிறார்கள். காகிதம் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கி உட்கார்ந்து விடுகிறது. ஈரம் கொஞ்சம் வற்றியதும், துணிப் பந்தில் மையைத் தொட்டு மேலே ஒற்றுகிறார்கள். மேடான இடம் எல்லாம் கறுப்பு. பள்ளத்துக்கு மை எட்டாது. ஆகவே, எழுத்து மட்டும் வெள்ளை!

காகிதத்தை உரித்து எடுத்ததும், கல்லில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த எழுத்தெல்லாம் பளிச்சென்று நிற்கிறது. தமிழ்நாட்டுக் கோயில் சுவர்களில் உள்ள ஆயிரக்கணக்கான கல்வெட்டுகளை இப்படித்தான் படி எடுத்து, உட்கார்ந்து படித்தார்கள்.

"அந்த எழுத்து நமக்கு விளங்குமா?" என்று கேட்கலாம்.

விளங்காதுதான். படித்துப் பட்டம் பெற்றவருக்கும் விளங்காது. அதை அ, ஆ என்று முதலில் இருந்து கற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் கல்லூரிப் பேராசிரியரும், நேற்றுத்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட ஆயாவும் ஒரே வகுப்புதான்!

கற்பது அவ்வளவு கஷ்டமும் அல்ல. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்திய தமிழ் எழுத்தில், "க" என்பது வெறும் கூட்டல் குறி. "ர" என்பது ஒரு நெட்டைக் கோடு. "ப" இருக்கிறதே, அது இன்றைக்கும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. பாத்திரக்கடைக்காரர் பெயர் வெட்டித் தருகிறாரே, அதில் உள்ள "ப"வும் அந்தக் காலத்து "ப"வும் அண்ணன் தம்பி.

பாத்திரத்தில் பெயர் வெட்டுவதும் புது வழக்கம் இல்லை. மதுரைக்குப் பக்கத்தில் உள்ள கீழடியில் தோண்டியபோது, பானை ஓடுகளில் பெயர்களைக் கீறி இருப்பதைக் கண்டார்கள். "ஆதன்" என்று ஒரு பெயர். "குவிரன் ஆதன்" என்று இன்னொரு பெயர். கீழடியிலேயே 2023-ல் ஒரு மியூசியம் திறந்து, அங்கே கிடைத்தவற்றை வைத்திருக்கிறார்கள்.

ஆதன் ராஜா அல்ல. ஊரில் ஒருவன். "இது என் பானை" என்று எழுதத் தெரிந்தவன். அவ்வளவுதான்.

மியூசியம் தினத்தில் குழந்தைகள் தங்கள் பெயரை அந்த எழுத்தில் எழுதிப் பார்ப்பது உண்டு. சில தாய்மார்களும் எழுதுகிறார்கள். எழுதிய காகிதத்தை மடித்து, பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

உடைத்தால்தான் சிலை

சிலை வார்க்கும் ஸ்தபதியை அழைத்து வந்து உட்கார வைத்தால், அன்றைக்கு மற்ற மேஜைகளில் ஈ ஓடும்!

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் உள்ள சுவாமிமலையில் இன்றும் சோழர் காலத்து முறையில்தான் சிலை வார்க்கிறார்கள். தேன்மெழுகு, குங்கிலியம், கொஞ்சம் எண்ணெய், இந்த மூன்றையும் சேர்த்து உருக்குகிறார்கள். அந்த மெழுகில்தான் முதலில் சாமியைச் செய்ய வேண்டும். அளவு பார்க்க ஸ்கேல் கிடையாது. தென்னை ஓலையில் ஒரு நறுக்குக் கிழித்து, அதை மடித்து மடித்தே முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, கால் இவ்வளவு என்று அளந்து விடுகிறார்கள்.

மெழுகுச் சிலை தயார் ஆனதும், அதன் மேல் காவிரியின் வண்டல் மண்ணை நைசாகக் குழைத்துப் பூசுகிறார்கள். மெழுகில் உள்ள சிறு கோடுகூட அந்த மண்ணில் பதிந்து விடும். அது காய்ந்த பிறகு மேலும் மேலும் மண் பூச்சு. பெரிய சிலையானால் கம்பி கட்டுவார்கள். பிறகு நெருப்பில் வாட்டுவார்கள். உள்ளே இருக்கும் மெழுகு உருகி, ஓட்டை வழியாக வெளியே ஓடி விடும்.

சாமி இருந்த இடம் இப்போது காலி!

அந்தக் காலி இடத்தில்தான் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். செம்புதான் முக்கியம். மற்ற உலோகங்கள் கொஞ்சம் கொஞ்சம். அது ஆறிய பிறகு மண் அச்சை உடைக்க வேண்டும். உடைக்காமல் சிலை வெளியே வராது. உடைத்து விட்டால் அச்சு போயிற்று. ஆகவேதான் ஒரு சிலை போல மறு சிலை கிடையாது. ஒவ்வொன்றும் முதல் சிலை. ஒவ்வொன்றும் கடைசிச் சிலை.

உருகிய செம்பைக் கூட்டத்தின் நடுவே ஊற்ற முடியாது. ஆபத்து. ஆனால் மெழுகுவரையில் காட்டலாம். குழந்தைகள் கையிலும் ஓர் உருண்டை மெழுகு கொடுக்கலாம். எல்லா மியூசியங்களும் இதைச் செய்வதில்லை. செய்ய வேண்டும்.

இதைப் பார்த்து விட்டு எழும்பூர் மியூசியத்தின் செப்புச் சிலைக் கூடத்துக்குள் போனால், எதிரே திருவாலங்காட்டு நடராஜர்! சோழர் காலத்துச் சிலை. பிரெஞ்சு தேசத்துப் பெரிய சிற்பி ரோடின், இந்த நடராஜரைப் போட்டோவில்தான் பார்த்தார். போட்டோவைப் பார்த்ததற்கே மயங்கிப் போய், அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நமக்கு நேரிலேயே நிற்கிறது. தூக்கிய காலும், நாலு கையும், சுற்றி உள்ள நெருப்பும்... இதை எல்லாம் ஒருவர் முதலில் மெழுகில் செய்தாரே என்று நினைத்தாலே தலை சுற்றுகிறது.

மாலையும் பொன்னாடையும்

எழும்பூர் மியூசியத்துக்குள் ஓர் அழகான நாடக அரங்கம் இருக்கிறது. 1896-ல் கட்டியது. அங்கே நடக்கும் பேச்சுக்களைப் பற்றி ஒரு வார்த்தை.

சில இடங்களில் விழா என்றால் வரவேற்புரை, தலைமை உரை, வாழ்த்துரை, பொன்னாடை, நன்றி உரை என்று பாதி நாள் போய் விடுகிறது. முன் வரிசையில் உட்கார வைத்த குழந்தைகள், கொட்டாவி விட்டே களைத்து விடுகிறார்கள். சிலையைப் பற்றிப் பேச வந்தவருக்குக் கிடைப்பது பத்து நிமிஷம்!

பேச்சை மேடையை விட்டு இறக்கி, சிலைக்கு முன்னால் கொண்டு வந்தாலே போதும். பேசுகிறவர் விரலை நீட்டிக் காட்ட வேண்டும். கேட்கிறவர் குறுக்கே கேள்வி போட வேண்டும். அரை மணி நேரத்தில் ஒரே ஒரு சிலை. அதுவே நிறையும்.

பாட்டியின் கும்பிடு

சிலைக் கூடத்தில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். வயதான அம்மாள் ஒருவர் வருவார். அம்மன் சிலையைக் கண்டதும் நின்று, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடுவார்.

"பாட்டி, இது கோயில் இல்ல. மியூசியம்" என்று பேரன் சிரிப்பான்.

"எங்க இருந்தா என்னடா கண்ணு? அம்மா அம்மாதான்" என்பார் பாட்டி.

பாட்டி சொல்வதும் சரிதான். கும்பிடலாம். ஆனால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கூடாது. ஏன்?

நம் கை வியர்வையில் உப்பு இருக்கிறது. உப்பும் ஈரமும் சேர்ந்தால் செம்புச் சிலையில் பச்சையாகப் பொடி பூக்கும். அது ஒரு நோய் மாதிரி. சிலையை அரித்துக்கொண்டே போகும். பல காலம் மண்ணில் புதைந்து கிடந்த சிலைகளுக்கு இந்த நோய் அதிகம். இதற்கு வைத்தியம் பார்க்க 1930-லேயே எழும்பூர் மியூசியத்தில் ஒரு ரசாயனக் கூடம் அமைத்தார்கள். எஸ்.பரமசிவன் என்ற விஞ்ஞானி மின்சாரத்தைக் கொண்டு சிலைகளில் இருந்த உப்பை நீக்கினார். சாமிக்கே ஆஸ்பத்திரி!

காவல்காரர் "தொடாதே!" என்று விரட்டுவதோடு, இந்தக் காரணத்தையும் சொன்னால் யாரும் தொட மாட்டார்கள்.

ஏர் முனையில் வந்தவை

இந்தச் சிலைகள் மண்ணுக்குள் எப்படிப் போயின? ஆபத்தான காலங்களில், கொள்ளைக்குப் பயந்து கோயில் சிலைகளைக் குழி தோண்டிப் புதைத்து வைத்தார்கள். புதைத்தவர்கள் போய் விட்டார்கள். சிலை அங்கேயே கிடந்தது.

யார் கண்டுபிடித்தது? பெரும்பாலும் பெரிய ஆராய்ச்சியாளர்கள் இல்லை. நிலத்தை உழுதவர்கள், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியவர்கள், குளம் வெட்டியவர்கள்... இவர்கள் மண்வெட்டியில்தான் "ணங்" என்று தட்டுப்பட்டது. மியூசியத்தில் நாம் பார்க்கும் செப்புச் சிலைகளில் பல இப்படி வந்தவையே.

எத்தனை வராமல் போயிருக்கும்?

மண்ணில் பெரிய பானை தெரிந்தால், "உள்ளே தங்கம் இருக்கும்" என்று கடப்பாரையால் உடைக்கிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் முதுமக்கள் தாழி. உள்ளே எலும்பும், சிறு கலயங்களும், துருப்பிடித்த இரும்பும் இருக்கும். ஏமாற்றத்தில் எல்லாவற்றையும் வீசி விடுவார்கள். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் இத்தகைய தாழிகளை 1876-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஜாகர் தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டினார். ரீ எடுத்த பொருள்கள் எழும்பூரில் இருக்கின்றன. தாழியை உடைக்காமல் பார்த்ததால்தான் அந்த மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்தது.

மண்ணில் ஏதாவது கிடைத்தால் என்ன செய்வது? இதை மியூசியம் தினத்தில் ஒரு பேச்சாகவே வைக்கலாம். 1878-ம் ஆண்டு வந்த புதையல் சட்டம் இருக்கிறது. கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தாசில்தாரிடமோ கிராம அதிகாரியிடமோ சொன்னால் அவர்கள் மேலே அனுப்புவார்கள். மறைத்தால் தண்டனை உண்டு.

"சொன்னால் எல்லாம் பறிபோய் விடும்" என்ற பயம்தான் பலருக்கு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உரிமை கொண்டாடி யாரும் வராமல், வேறு உடன்பாடும் இல்லாமல் இருந்தால், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு. நிலத்துக்காரருக்கு நாலில் ஒரு பங்கு. பொருளை சர்க்கார் எடுத்துக்கொண்டால், அதில் உள்ள உலோகத்தின் விலையும், அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் தர வேண்டும்.

இது தெரியாமல், பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டு உருக்கியவை எத்தனையோ!

போகிறவர்களுக்கு

எழும்பூர் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காணும் பொங்கல் அன்று போனால், சிலையைப் பார்க்க முடியாது, மனிதர்களின் முதுகைத்தான் பார்க்கலாம். மே 18-க்கு முன்பே, என்ன நிகழ்ச்சி, எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொள்வது நல்லது. சில பயிற்சிகளுக்கு முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டி இருக்கும்.

குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். கட்டிடத்துக்குக் கட்டிடம் வெயிலில் நடக்க வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து விடலாம் என்று கிளம்பாதீர்கள். சிலைக் கூடத்தை முதலில் பாருங்கள். பசி எடுத்த பிறகு, நடராஜர் முன்னால் நிற்கக் குழந்தைகள் சம்மதிக்க மாட்டார்கள்.